பதிவேட்டில் இல்லாதவள்

சட்டப்படி அமைத்த பாதுகாப்புக் குழுவில், மில்லின் பெண் தொழிலாளர்கள் சார்பாகத் தவமணியைச் சேர்த்திருந்தார்கள். கூந்தலைத் தொப்பிக்குள் சுருட்டி வைக்க வேண்டும் என்று புதிய அதிகாரி வாசித்தபோது, அவளுக்குக் கூட வேலை பார்த்த செண்பகவடிவு ஞாபகம் வந்துவிட்டது. இடுப்புக்குக் கீழே தொங்கும் பின்னல். தினமும் மில் வாசலிலேயே கனகாம்பரச் சரத்தைப் பல்லால் கடித்து, பாதியைத் தவமணிக்கு வைத்துவிடுவாள். இருவரும் சிரித்தால் இயந்திர இரைச்சலையும் மீறிக் கேட்கும்.

“பழைய விபத்து ஏதாவது உண்டா, அக்கா? பதிவேட்டுல ஒண்ணுமில்லையே” என்று அதிகாரி கேட்டார்.

“ஒண்ணு உண்டு சார். இருபது வருசமாச்சு. மெஷின் பெல்ட்டுல பின்னல் சிக்கிச் செத்துப்போனா. வீட்டுல வழுக்கி விழுந்தான்னு எழுதுனாங்க. வேலை போயிருமேன்னு பயந்து நான்தான் சாட்சிக் கையெழுத்துப் போட்டேன்.”

மேலாளர் தொண்டையைச் செருமினார். அதிகாரி பதிவேட்டை விரித்து, “பேரு சொல்லுங்க” என்றார்.

சொன்னாள். எழுத்துப் பிழையில்லாமல் எழுதுகிறாரா என்று எட்டிப் பார்த்தாள்.