கடைசி வரை நின்ற பெயர்

ஒரு செல்போனுக்குத் தலைகால் புரியாத பெருமை. அதன் முதலாளி மோசஸ், தினமும் மதியம் அதற்கு முழு சார்ஜ் ஏற்றி, கல்லூரியின் ஆன்லைன் வகுப்புக்குள் அனுப்பிவிட்டு, கேமராவை அணைத்துவிட்டுக் குப்புறப் படுத்துத் தூங்குவான். அட்டெண்டன்ஸ் வாங்குவது செல்போனின் வேலை.

"இந்த வருஷம் ஒரு வகுப்புகூட நான் விட்டதில்ல, தெரியுமா?" என்று, தன்னில் செருகிக் கிடக்கும் ஹெட்போனிடம் பீற்றிக்கொள்ளும்.

"என்ன படிச்ச?" என்று ஹெட்போன் கேட்டால், "அதை யாரு கேக்கறா?" என்று எரிந்து விழும்.

அன்று வகுப்பு முடிந்ததும் மற்ற ஐம்பத்தாறு பேரும் சிட்டாய்ப் பறந்துவிட்டார்கள். மோசஸ் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். திரையில் அவன் பெயர் மட்டும் மிச்சம்.

பேராசிரியை கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"மோசஸ், நீ மட்டும் இருக்கியேப்பா! சந்தேகமா? கூச்சப்படாதே. ஒருத்தர்கூட இப்படி நின்னதே இல்ல. இரு, முதல்லேர்ந்து சொல்றேன்."

போர்டை அழித்துவிட்டு மறுபடி எழுதத் தொடங்கினார். முன்பைவிட நிதானமாக, முகமெல்லாம் சிரிப்பாக.

செல்போன் கூனிக் குறுகிப் போனது. "அவனை எழுப்பித் தொலையேன்!" என்று ஹெட்போனிடம் கெஞ்சியது.

"நான் அவன் காதுல இருந்தாத்தானே?"

"புரிஞ்சுதாப்பா?" என்று கேட்டுவிட்டுப் பேராசிரியை வெகுநேரம் காத்திருந்தார். "பரவால்ல, இன்னொரு தடவ சொல்றேன்."

அப்படியே அணைந்துபோனால் போதும் என்று செல்போன் தன் சார்ஜைப் பார்த்தது.

தொண்ணூற்றொரு சதவீதம் இருந்தது.