பிளஸ்ஸி வரைந்த கீரி

"வெக்கமா இல்ல சார் உங்களுக்கு? வாயில்லா ஜீவனைப் போய் இப்படி அடைச்சு வச்சிருக்கீங்களே!"

ஆஸ்டின் போட்ட சத்தத்தில் அந்த சேலையூர் காலனியே கூடிவிட்டது. பக்கத்து வீட்டு அச்சுதன் தலை குனிந்து நின்றார். அவர் காலடியில் ஒரு கம்பிக் கூண்டு. உள்ளே கீரிப்பிள்ளை முடியைச் சிலிர்த்துக்கொண்டு உறுமியது.

"கோழிக்குஞ்சை எல்லாம் தூக்கிட்டுப் போயிடுது சார். வண்டலூர் பக்கம் கொண்டுபோய் விட்டுடலாம்னுதான்... பிடிச்சா குத்தம்னு சத்தியமா எனக்குத் தெரியாது."

"தெரியாதுன்னு சொன்னா ஆச்சா? காலி மனையில, பொந்துக்குள்ள இதோட குட்டிங்க இருக்கு. பகல் பூரா அலைஞ்சு எலி, ஓணான்னு பிடிச்சுப் போட்டு வளர்க்குது. இது இருக்கறதாலதான் இங்க பாம்பு தொல்லை இல்ல. ஃபாரஸ்ட்டுக்குப் போன் பண்ணிட்டேன், வந்துட்டே இருக்காங்க."

அச்சுதனுக்கு வியர்த்துவிட்டது. "அடுத்த மாசம் ரிட்டயர் ஆகறேன் சார். கேஸுன்னு வந்தா பென்ஷன்ல கை வச்சுடுவாங்க."

"அதை முன்னாடியே யோசிச்சிருக்கணும்!"

வனக்காவலர் சாம்பசிவன் பைக்கில் வந்து இறங்கினார். கூண்டைத் திறந்ததும் கீரி புதருக்குள் பாய்ந்தது. கேஸ் எழுத, ஆஸ்டின் வீட்டு வராந்தாவில் உட்கார்ந்து பேனாவைத் திறந்தார். அங்கே ஆஸ்டினின் மகள் பிளஸ்ஸி, பள்ளிக்கூடப் போட்டிக்காகப் படம் வரைந்துகொண்டிருந்தாள். தலைப்பு: கீரியைக் காப்போம்!

"பிரமாதம் பாப்பா! முடியெல்லாம் நெஜம் மாதிரியே இருக்கே!"

"பிரஷ் அப்படி அங்கிள். கடையில இருக்கறதிலேயே பெஸ்ட்டா பாத்து அப்பா வாங்கிக் குடுத்தாரு."

ஆஸ்டினுக்குப் பெருமை பிடிபடவில்லை.

சாம்பசிவன் பிரஷ்ஷை வாங்கி, வெளிச்சத்தில் ஒரு முடியைப் பிரித்துப் பார்த்தார். அவர் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது.

"நுனி கறுப்பு, நடுவுல வெளுப்பு... சார், இது கீரி முடி. கீரியைக் கொன்னு எடுக்கறது. இதை வச்சிருந்தாலே குத்தம்."

பிளஸ்ஸி அவசரமாகக் கையை கவுனில் துடைத்துக்கொண்டாள். மொத்தக் காலனியும் பார்த்துக்கொண்டிருக்க, ஆஸ்டின் கூனிக் குறுகிப் போனார். 'எனக்குத் தெரியாது' என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார், எதிரே அச்சுதன் நிற்பது கண்ணில் பட்டது.

"அவருக்குத் தெரிஞ்சிருக்காது சார், பாவம், விட்டுடுங்க" என்று கை கூப்பியபடி முன்னால் வந்தார் அச்சுதன்.