கழற்ற முடியாத ஸ்க்ரூ

"இதையும் கழற்றியாச்சு தம்பி. வேற தலை ஏதாவது இருந்தா குடுங்க."

பெரியவர் உள்ளங்கையை விரித்தார். நான்கு ஸ்க்ரூக்கள். போன வாரம் இதே கடையில் வாங்கிப்போனவைதான். ஹார்டுவேர் கடைக்காரருக்குத் தூக்கிவாரிப்போட்டது.

இது நான்காவது தடவை. முதல் நாளே பெரியவர் விஷயத்தைச் சொல்லியிருந்தார். வீட்டில் மறதி நோய். மத்தியானம் எல்லோரும் கண்ணயரும் நேரம் பார்த்து வெளியே கிளம்பிவிடுவது. திரும்பி வர வழி தெரியாது. கதவுக்கு உள்பக்கம் பூட்டுப் போட்டுப் பார்த்தார்கள். பூட்டை யார் தொட்டார்கள்? பூட்டு மாட்டியிருக்கும் தகட்டையே கழற்றி வைத்துவிட்டுப் போவது வழக்கமாகிவிட்டது. "வீட்டம்மாவுக்கா?" என்று கடைக்காரர் கேட்டபோது, பெரியவர் தெருப்பக்கம் திரும்பிக்கொண்டார். பாவம், சொல்ல வாய் வரவில்லை என்று இவரும் மேற்கொண்டு கிண்டவில்லை.

அன்றிலிருந்து தலைவேதனைதான். மைனஸ் தலை கொடுத்தார். ஒரு நாணயத்தை வைத்துத் திருகியதில் கழன்றது. ஸ்டார் கொடுத்தார், காய்கறிக் கத்தியின் முனையே போதுமாக இருந்தது. ஆலன் கீ போடுகிற அறுகோணத் தலை கொடுத்தார். ஸ்பூன் காம்பை வாசல்படியில் தேய்த்துத் தேய்த்து அளவுக்குக் கொண்டுவந்து கழற்றியாகிவிட்டது. ஸ்க்ரூ செய்கிற மகராசன்கள் மேஜைக்கு ஒரு தலை, மின்விசிறிக்கு ஒரு தலை என்று ஊர்ப்பட்ட தினுசு பண்ணி வைத்திருக்கிறார்கள். சரியான ஸ்க்ரூ டிரைவர் இல்லாமல் ஜனங்கள் கடை கடையாக அலைகிறார்கள். எல்லார் வீட்டிலும் கழல மாட்டேன் என்று அழிச்சாட்டியம் பண்ணுகிற சனியன், கழலவே கூடாத இந்த ஒரு வீட்டில் மட்டும் இப்படிக் கையோடு வந்துவிடுகிறதே என்று அவருக்கு ஆற்றாமையாக இருந்தது.

"போன வாரம் ஆறு இதழ் தலை குடுத்தேனே. அதை எப்படிக் கழற்றினாங்க?"

"பல் துலக்கற பிரஷ். காம்பை அடுப்புல காட்டி, இளகினதும் ஸ்க்ரூ தலையில அழுத்தி, ஆறவிட்டுத் திருகினா ஆச்சு." பெரியவர் குனிந்துகொண்டார். "முப்பது வருஷம் மெஷின் பிரிச்ச கை தம்பி. எது மறந்தாலும் அது மறக்கலை."

அந்த அம்மா ஏதோ தொழிற்சாலையில் வேலை பார்த்தவர் போலிருக்கிறது என்று கடைக்காரர் நினைத்துக்கொண்டார்.

நேற்று நடந்ததையும் பெரியவர் சொன்னார். மெயின் ரோட்டின் நடுவில், இரண்டு பக்கமும் வண்டிகள் பாய, நகரத் தோன்றாமல் நின்றாயிற்று. ஒரு லாரிக்காரர் பிரேக் போட்டு இறங்கி, கையைப் பிடித்துக் கூட்டிவந்து வீட்டில் விட்டாராம். அடுத்த தடவையும் அப்படி ஒரு நல்ல மனிதர் வருவார் என்று என்ன நிச்சயம் என்று கேட்டார்.

வங்கிகளில் பணம் எடுக்கும் இயந்திரம் பொருத்துகிற சிநேகிதன் ஒருவன் இருந்தான். அவனைப் போனில் பிடித்துக் கெஞ்சி, இரண்டு நாளில் நான்கு ஸ்க்ரூ வரவழைத்தார். தலையில் ஐந்து இதழ், நடுவில் முள். பிரஷ் காம்பை இளக்கி அழுத்தினாலும் அந்த முள் அதைப் பிளந்துவிடும். அதற்கென்று கூடவே ஒரே ஒரு டிரைவர்.

வழக்கம்போலக் காலையில் பெரியவர் வந்தார். ஒரு ஸ்க்ரூவை வாங்கி ஸ்டூலில் உட்கார்ந்தார். வெளிச்சத்தில் காட்டினார், நகத்தால் நெம்பினார், நாணயத்தை வைத்தார், பேனா முனையை விட்டுப் பார்த்தார். அரைமணி நேரம் ஆகியிருக்கும்.

"இதைக் கழற்ற முடியாது தம்பி" என்றார். கண் நிறைந்துவிட்டது. ஸ்க்ரூ கழலவில்லை என்று திட்டிக்கொண்டு வருகிறவர்களைத்தான் கடைக்காரர் பார்த்திருக்கிறார். கழலாது என்று தெரிந்து அழுகிறவரை இப்போதுதான் பார்த்தார். மனசு கேட்காமல், தானே வந்து பொருத்தித் தருவதாகச் சொல்லிக் கடையைப் பூட்டினார். பெரியவர் சட்டைப்பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்துப் படித்துவிட்டு நடந்தார்.

கதவைத் திறந்தது அந்த அம்மாதான். கடைக்காரர் ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி, உரக்க, குழந்தைக்குச் சொல்வதுபோலத் தான் யார் என்று சொன்னார். அந்த அம்மா சிரித்துக்கொண்டே உட்கார முக்காலி போட்டார், தண்ணீர் கொடுத்தார், கடையைப் பூட்டிவிட்டு வந்ததற்கு வருத்தப்பட்டார். இன்றைக்குத் தெளிவாக இருக்கிற நாள் போலிருக்கிறது என்று கடைக்காரருக்குப் பட்டது. இருந்தாலும் எச்சரிக்கையாகவே இருந்தார். கதவு நிலை முழுக்கப் பழைய துளைகள், அம்மைத் தழும்பு விழுந்த முகம் மாதிரி. முதுகால் மறைத்துக்கொண்டு வேலை செய்தார். அந்த அம்மா பக்கத்தில் வந்தபோதெல்லாம் டிரைவரைச் சட்டைக்குள் ஒளித்தார். அந்த அம்மா அதைக் கவனிக்காமல் இல்லை.

நான்கையும் முறுக்கிவிட்டு, தகட்டைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். இம்மியும் அசையவில்லை.

பெரியவரைத் தனியே கூப்பிட்டு, டிரைவரைக் காகிதத்தில் சுற்றி நீட்டினார். "ஐயா, இது ஒண்ணுதான் இருக்கு. அம்மா கண்ணுல படாத இடமாப் பார்த்துப் பத்திரமா வெச்சுக்குங்க."

பெரியவர் வாங்கவில்லை. இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"அவகிட்டயே குடுத்துடுங்க தம்பி" என்றார். "நான் அந்தப் பக்கம் திரும்பிக்கறேன். எங்க வைக்கறான்னு நான் பார்க்கக் கூடாது."