இரண்டாவது ஒன்று

"சத்தியமா நான் நூத்திப் பதினாலுன்னுதான் சார் அடிச்சேன்!"

ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையின் ஆபரேட்டர் காலையிலிருந்து இதைப் பத்தாவது தடவையாகச் சொன்னாள். விசாரணை அதிகாரி பத்தாவது தடவையாக நம்பவில்லை.

"ரெக்கார்டுல பதினாலுன்னு இருக்கு. வண்டி பதினாலாம் நம்பர் வீட்டு வாசல்ல போய் நின்னுச்சு. நூத்திப் பதினாலுல ஒரு பெரியவர் நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டே போய்ச் சேர்ந்துட்டாரு. கீபோர்டு மேல பழியைப் போட்டா ஆச்சாம்மா?"

"அந்த ஒண்ணாம் நம்பர் கீ இறுகிப் போயிருக்கு சார். மாசக்கணக்கா நானும் சொல்லிட்டேதான் இருக்கேன். யார் காதுலயும் விழல."

"அதுக்குத்தான் இவரை வரவழைச்சிருக்கேன்." அதிகாரி எதிரே நின்ற மெக்கானிக்கைப் பார்த்தார். "இந்த மாதிரி பழைய கீபோர்டுல கை வைக்கத் தெரிஞ்சவர் இங்க நீங்க ஒருத்தர்தானாமே? பார்த்துட்டு ஒரு வரி எழுதிக் கொடுங்க. பழுது இல்லைன்னா இவங்க வேலை இன்னியோட சரி."

மெக்கானிக் பையை இறக்கி வைத்துவிட்டு மேசை முன் உட்கார்ந்தார். அந்தக் கீபோர்டு முப்பது வருஷப் பழசு. கையில் எடுத்தால் அம்மிக்கல் கனம். அங்கிருந்த பழைய கம்ப்யூட்டருக்கு வேறு எதுவும் சேராது என்பதால் எல்லோரும் அதைக் கட்டிக்கொண்டு அழுதார்கள்.

ஒன்றாம் நம்பர் கீயை அழுத்தினார். டக். திரையில் 1 விழுந்தது.

மறுபடி அழுத்தினார். விழுந்தது. கொஞ்சம் இறுக்கம்தான். ஆனாலும் நிறுத்தி நிறுத்தி இருபது தடவை அழுத்தியதில் இருபதும் விழுந்தது.

"பார்த்தீங்களா! நல்லாத்தானே இருக்கு?" அதிகாரி வெள்ளைத் தாளை நகர்த்தினார். சாப்பாட்டு நேரத்துக்குள் கதையை முடித்துவிட வேண்டும் அவருக்கு. "எழுதிடுங்க."

ஆபரேட்டர் முகத்தில் ஈயாடவில்லை.

"அண்ணே, வேலை போனா போகட்டும். ஒரு உயிரைக் கொன்னவள்னு ஊரே சொல்லும்ணே. அதை எப்படிண்ணே சுமப்பேன்? இன்னொரு தடவை நல்லாப் பாருங்க. ஆறு மாசம் முன்னாடி ஸ்டோர்ல இதை வெளிய சர்வீஸுக்கு அனுப்பினாங்க. வந்த புதுசுல வழுக்கிட்டு ஓடுச்சு. அப்புறம்தான் இந்தக் கோளாறு."

"அந்த பில்லும் இதோ ஃபைல்லயே இருக்கு." அதிகாரி ஃபைலைத் திறக்காமலே தட்டினார். "சர்வீஸ் முடிஞ்சது, நல்ல நிலையில் உள்ளதுன்னு எழுதிக் கையெழுத்தும் போட்டிருக்கான். இனிமே என்ன?"

ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தும் மெக்கானிக் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். பேனாவை எடுத்துத் தேதி போட்டார். ஆபரேட்டர் கண்ணை மூடிக்கொண்டாள்.

கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் போன் அடித்தது. "பதறாதீங்கம்மா, வீட்டு நம்பரைச் சொல்லுங்க," என்றது ஒரு குரல். மெக்கானிக்கின் பேனா தேதியோடு நின்றுவிட்டது.

"ஏம்மா, நீங்க வேகமா அடிப்பீங்களா?"

"போன் கால் வரிசைகட்டி நிக்கும்ணே. கண்ணு மேப்புல இருக்கும், கை அதுபாட்டுக்கு அடிக்கும்."

"அன்னிக்கு அடிச்ச அதே வேகத்துல அந்த நம்பரை அடிங்க. திரையைப் பார்க்காதீங்க."

அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு அடித்தாள். டக் டக் டக்.

திரையில் 14 என்று இருந்தது.

"மறுபடி."

14.

அதிகாரி நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். "இதென்ன கூத்து? இப்பத்தானே இருபது தடவை விழுந்தது?"

"ஒரு தடவை அமுக்கினா விழும் சார். ஆனா அமுக்கின கீ உடனே எழுந்திருக்க மாட்டேங்குது. ஒட்டிக்கிட்டு மெதுவா வருது. அதுக்குள்ள ரெண்டாவது ஒண்ணை அடிச்சா, அது கணக்குலயே வராது."

மூடியைக் கழற்றினார். சுவிட்சைப் பிரித்து, இடுக்கியால் ஸ்பிரிங்கை வெளியே எடுத்தார். பழுப்பு நிறத்தில் பிசுபிசுவென்று ஏதோ அதோடு வந்தது. முகர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"தையல் மெஷின் எண்ணெய் சார். இந்த சுவிட்சுல இதை விடவே கூடாது. முதல் வாரம் வழவழன்னு இருக்கும். போகப்போக தூசியைச் சேர்த்துப் பசையாயிடும்."

"எந்த மடையன் விட்டது?" என்றார் அதிகாரி.

"ஒவ்வொரு சுவிட்சாப் பிரிச்சுக் கழுவிக் காயவெக்கணும். முழுசா ரெண்டு நாள் வேலை. சோம்பேறித்தனம் சார். சுவிட்சுக்கு ரெண்டு சொட்டு விட்டு மூடிட்டான்."

சொல்லிவிட்டு மடமடவென்று எழுதினார். 'கீபோர்டில்தான் பழுது. தவறான எண்ணெயே காரணம். ஆபரேட்டர் மேல் எந்தக் குற்றமும் இல்லை.' கீழே கையெழுத்துப் போட்டுத் தாளை நீட்டினார்.

ஆபரேட்டர் அடக்கி வைத்திருந்த அழுகை மொத்தமும் வெடித்துக்கொண்டு வந்தது. கையெடுத்துக் கும்பிட்டாள். "தெய்வமா வந்தீங்கண்ணே!"

"ஐயோ, அப்படிச் சொல்லாதீங்கம்மா." அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"எண்ணெய் விட்டவனை நான் சும்மா விடப் போறதில்ல. கம்பி எண்ண வெக்கிறேன்," என்றார் அதிகாரி. "உங்க வேலை முடிஞ்சது. நீங்க கிளம்பலாம்."

"இல்ல சார். இருக்கேன்."

புரியாமல் அவரைப் பார்த்தபடியே, அறிக்கையைக் கோப்பதற்காக அதிகாரி ஃபைலைத் திறந்தார். ஆறு மாதப் பழைய சர்வீஸ் பில் மேலாகவே இருந்தது.

அதன் அடியிலும் அதே கையெழுத்து.