அவ்வளவாப் பழக்கமில்ல

பிணவறை வாசலில்கூட அவன் போனைக் கீழே வைக்கவில்லை.

அறைத்தோழி அவனையே முறைத்துக்கொண்டு நின்றாள். காலையில் லாரி மோதிச் செத்துப்போனவளோடு ரெண்டு வருஷம் ஒரே ஹாஸ்டல் அறையில் இருந்தவள் அவள். சனிக்கிழமை தவறினாலும் செத்தவள் இவன் அறைக்குப் போவது தவறாது என்பதும் இவளுக்குத் தெரியும்.

"லவ்வாடி?" என்று ஒருதரம் கேட்டிருக்கிறாள்.

"சும்மாதான். ஒட்டிக்கிட்டா, பிச்சு எடுக்கறப்ப வலிக்கும்."

எட்டு வயசில் அம்மா விட்டுவிட்டுப் போன பெண். வேறெப்படிப் பேசுவாள்? அதுவே இவனுக்கு வசதியாகப் போயிற்று. தொட்டான், துடைத்துக்கொண்டான்.

செத்தவளின் அப்பா வெளியே வந்தார். கையில் மகளுடைய செருப்பு.

"தம்பி யாருப்பா? என் பொண்ணுக்குத் தெரிஞ்சவரா?"

"கூடப் படிக்கிறேன் சார். அவ்வளவாப் பழக்கமில்ல."

"இருக்காதுப்பா. ஆம்பளைப் பசங்கன்னா அவளுக்கு ரொம்பக் கூச்சம்."

"ஆமா சார்."

"வண்டில ஏத்தணும். ஆள் பத்தல. ஒரு கை பிடிக்கிறியா?"

போனைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு ஸ்ட்ரெச்சரின் தலைமாட்டுப் பக்கம் பிடித்தான். அப்பா முன்னால் ஏறி உட்கார, ஆம்புலன்ஸ் நகர்ந்தது.

அறைத்தோழி நேரே அவனிடம் போனாள்.

"பழக்கமில்லன்னு சொல்ல எப்படி வாய் வந்துச்சு உனக்கு? மனுஷன்தானா நீ?"

அவன் கேட்டுக்கு முதுகைக் காட்டி நின்றான்.

"போன வருஷம் ஒரே ஒருதடவை, கல்யாணம் பண்ணிக்கலாமான்னு கேட்டேன். ஒரு மாசம் என் பக்கமே வரல. அப்புறம், 'சும்மா சொன்னேன், நமக்குள்ள ஒண்ணுமில்ல'ன்னு நானே போய்ச் சொன்னேன். அப்படிச் சொன்னாத்தான் கூட இருப்பா."

அவள் குரல் தணிந்தது.

"அதையாவது அவங்க அப்பாகிட்ட சொல்லியிருக்கலாமே."

"அவருக்கு மிச்சம் இருக்கறது அந்தக் கூச்சப்படற பொண்ணு மட்டுந்தான். அதையும் நான் பிடுங்கணுமா?"

பக்கத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டான். கேட் பக்கம் திரும்பவே இல்லை.

"வண்டி கேட்டைத் தாண்டிடுச்சா, பார்த்துச் சொல்லேன்."

எட்டிப் பார்த்தாள்.

"தாண்டிடுச்சு."

அதற்கப்புறம்தான் அவன் தரையில் சரிந்து, வாய்விட்டு அழுதான்.