புது ஸ்பிரிங்கும் முகப்பு விளக்கும்

ஒரு பழைய காரின் முன்பக்கத்துக்குப் புது ஸ்பிரிங் போட்டார்கள். மெக்கானிக் அதை நன்றாக இறுக்கி, வண்டியின் மூக்கை உயர்த்திவிட்டார்.

சாலையில் முதல் பள்ளம் வந்தது. ஸ்பிரிங் அமுங்கவே இல்லை. அதிர்வு நேராக மேலேறி முகப்பு விளக்கைக் குலுக்கியது.

“அண்ணே, கொஞ்சம் அமுங்கிக் கொடுங்க. என் கண்ணாடி விரிசல் விடுது,” என்றது விளக்கு.

“கண்ட பள்ளத்துக்கெல்லாம் நான் குனியறதில்லை. நீதான் அட்ஜஸ்ட் பண்ணிக்கணும்,” என்றது ஸ்பிரிங்.

“நான் கண்ணாடிண்ணே. எனக்கு உடையத்தான் தெரியும்.”

“சின்ன விஷயத்துக்கு எவ்வளவு புலம்பல்!”

அடுத்த பள்ளத்தில் விளக்கின் கண்ணாடி நொறுங்கிச் சாலையில் கொட்டியது.

கார்க்காரர் இறங்கிப் பார்த்துவிட்டு மெக்கானிக்கைப் போனில் அழைத்தார்.

“ஸ்பிரிங் பிரமாதம்ப்பா, வண்டி கம்பீரமா நிக்குது. இந்த விளக்குதான் மட்டம். மாத்திடு.”