ஒன்பது மணிக்குள் வர வேண்டாம்

மாலை ஆறே முக்காலுக்குப் பொருட்காட்சித் திடலின் விளக்குகள் எல்லாம் ஒரே நேரத்தில் எரிந்தன. கூட்டம் "ஓ" என்றது. ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"கால் மணி லேட்."

"உங்களை யாரு இங்க டியூட்டி போட்டா? மேல பாருங்க," என்றார் அவர் மனைவி. கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். கையில் பாதி தின்ற பஞ்சுமிட்டாய்.

விழாக்கால விடுமுறைக்கு மகன் வந்ததிலிருந்து தினமும் இப்படித்தான். ஒரு நாள் படகு. ஒரு நாள் பூங்காவில் பாட்டு. டிக்கெட்டை அவனே எடுத்து, டாக்ஸியை வாசலுக்கு வரவழைத்து, ஏற்றி அனுப்புவான். ஒன்பது மணிக்கு முன்னால் வரக் கூடாது என்று செல்லமாக மிரட்டுவான்.

பிறந்து வளர்ந்த ஊர்தான். ஆனாலும் இந்த விளக்குகளை அவர்கள் பார்த்ததில்லை. விழாக்காலம் என்றால் அவருக்கு ஸ்பெஷல் ரயில்கள், டீச்சருக்கு விடைத்தாள் கட்டுகள்.

"வீட்டை அவன் பேர்ல எழுதாதீங்க, எழுதாதீங்கன்னு உங்க தங்கச்சி என்ன ஆட்டம் ஆடினா. இப்ப வந்து பாக்கச் சொல்லுங்க."

"வேண்டாம். வயிறு எரிஞ்சே போயிடுவா."

"ஹால்ல நம்ம போட்டோவைச் சுத்தி குட்டி குட்டி பல்பா மாட்டியிருக்கான், கவனிச்சீங்களா?"

"எங்க கவனிக்காம இருக்கறது? ராத்திரி பூரா மினுக்கு மினுக்குன்னு. லெவல் கிராசிங்ல படுத்த மாதிரி இருக்கு."

"உங்களுக்கு எதைப் பார்த்தாலும் ரயில்தான்."

போன் அடித்தது. மகன்.

"எங்கம்மா இருக்கீங்க?"

"ராட்டினத்துக்கிட்ட. அப்பா ஏறவே மாட்டேங்கறார்."

"ஏத்தி விடும்மா. சாப்பிட்டுட்டு மெதுவா வாங்க. அவசரமே இல்ல."

போனைப் பையில் போட்ட பிறகும் டீச்சர் முகத்தில் சிரிப்பு மிச்சமிருந்தது.

அவசரம் ஸ்டேஷன் மாஸ்டருக்குத்தான் வந்தது. கழிப்பறை வரிசை ராட்டினத்து வரிசையைவிட நீளம். நாலு பேர் நகர்வதற்குள் அவருக்கு வியர்த்துவிட்டது.

"டீச்சரம்மா, வீட்டுக்குப் போயிடலாம்."

"இப்பவேவா? கோவிச்சுக்குவான்."

"அவன் கோவத்தை நான் தாங்கிக்கறேன். இதை என்னால தாங்க முடியாது."

டாக்ஸி டிரைவர் பள்ளம் பள்ளமாகத் தேடி வண்டியை இறக்கினான். ஸ்டேஷன் மாஸ்டர் முன் சீட்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு வந்தார்.

அவர் மனதை வேறு பக்கம் திருப்ப டீச்சர் கேட்டார். "நேரத்துக்கு முன்னாடி வர்ற வண்டியை நீங்கள்ளாம் என்ன பண்ணுவீங்க?"

"ஸ்டேஷனுக்குள்ள விடாம அவுட்டர்ல நிறுத்திடுவோம். பேசாம வா."

வீட்டு வாசலை அடைத்துக்கொண்டு ஒரு கார் நின்றது. டாக்ஸியை நாலு வீடு தள்ளி நிறுத்தி இறங்கி நடந்தார்கள். கேட் திறந்திருந்தது. குறுக்கே ஒரு இளம்பெண் டேப்பைப் பிடித்து, தூணுக்குத் தூண் அளந்துகொண்டிருந்தாள்.

நிமிர்ந்து பார்த்தாள். "யாரு வேணும்?"

மொட்டை மாடியிலிருந்து மகன் குரல் கேட்டது. "தண்ணிக்குக் கவலையே இல்ல சார். அடுத்த மாசமே குடி வந்துடலாம். உள்ள யாரும் இல்ல, காலி பண்ணச் சொல்லி அலைய வேண்டியதில்ல."

ஸ்டேஷன் மாஸ்டர் வாயைத் திறந்தார். டீச்சர் அவர் மணிக்கட்டைப் பிடித்தார்.

"இந்தத் தெருதாம்மா. நடக்கப் போயிட்டு வர்றோம்."

"நல்லதாப் போச்சு. எத்தனை வருஷமா இங்க இருக்கீங்க?"

"இந்த வீடு கட்டின நாள்லேர்ந்து."

"அப்ப எல்லாம் தெரிஞ்சிருக்கும்." டேப்பைச் சுருட்டினாள். "எனக்கு வீடு ரொம்பப் பிடிச்சுப்போச்சு. சமையல் மேடைகூட எனக்கே அளவெடுத்துக் கட்டின மாதிரி இருக்கு. பார்த்துப் பார்த்துக் கட்டியிருக்காங்க."

வீடு கட்டும்போது கொத்தனார் டீச்சரை நிற்கவைத்து, இடுப்புக்கு நேராகச் சுவரில் கரிக்கோடு போட்ட பிறகுதான் அந்த மேடைக்குச் செங்கல் வைத்தார்.

"தள்ளும்மா, நான் உள்ள..." என்றார் ஸ்டேஷன் மாஸ்டர். மணிக்கட்டில் பிடி இறுகியது. அவர் காம்பவுண்டுச் சுவரில் கையை ஊன்றிக்கொண்டார். கால்கள் ஒன்றோடொன்று ஒட்டி நின்றன.

"சாருக்கு என்ன, முடியலையா?"

"ஒண்ணுமில்ல. ஏதோ கேக்க வந்தியே, கேளு."

அந்தப் பெண் மாடியை ஒரு தரம் பார்த்தாள். கிட்டே வந்து குரலைத் தாழ்த்தினாள்.

"தப்பா எடுத்துக்காதீங்கம்மா. எனக்கு இந்த விஷயத்துல எல்லாம் கொஞ்சம் பயம். அந்தப் பையன்கிட்ட கேக்க வாய் வரல, பாவம், ரொம்ப நொந்துபோயிருக்கார். நீங்களாவது மறைக்காம சொல்லுங்க. அவரோட அப்பா, அம்மா உயிர் போனது இந்த வீட்டுக்குள்ளயா, ஆஸ்பத்திரியிலயா?"